வரவேற்பு என்று சொல்லி வாங்கிய 226 கையெழுத்துகள்

அனுப்புநர்
லாஸ் பிட்டாயாஸ் குடியிருப்பில் வசிக்கும் ஒன்பதாம் வகுப்பு மாணவி.
(பெயரும் வீட்டு எண்ணும் மனுவின் முடிவில், எழுதத் துணிவு வந்தால்.)

பெறுநர்
உயர்திரு நகர மன்றச் செயலாளர் அவர்கள்,
நகராட்சி மாளிகை, முதல் தளம்,
சான் இரேனியோ நகரம்.

பொருள்: தேன்சிட்டுத் திட்டம் – வரவேற்புக்கு என்று சொல்லி லாஸ் பிட்டாயாஸ் குடும்பங்களிடம் நான் வாங்கிய 226 கையெழுத்துகளையும் வாக்காளர் அட்டை நகல்களையும், இடம்பெயரச் சம்மதம் என்று வரும் வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில் வைக்க வேண்டாம் எனக் கோருதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

எழுத்து வடிவில், அமைதியாக, மரியாதையோடு கேட்கப்படும் எந்தக் கோரிக்கைக்கும் அதிகாரி பதில் தர வேண்டும் என்று எங்கள் குடிமையியல் பாடத்தில் இருக்கிறது. அதை நம்பி எழுதுகிறேன். மரியாதையில் எங்காவது தவறியிருந்தால் அது பயத்தால் வந்த தவறு என்று பொறுத்துக்கொள்ளவும். வீட்டில் எல்லோரும் உறங்கிய பிறகு குளியலறை விளக்கில் எழுதுவதால் கையெழுத்தும் சீராக இல்லை.

1. கடந்த மார்ச் மாதத்திலிருந்து நம் நகரம் ஒரு பெரிய கணினி நிறுவனத்தை அழைத்துக்கொண்டிருக்கிறது. அதன் பெயரை நகராட்சி இன்னும் வெளியே சொல்லவில்லை. பெயர் தெரிந்துவிட்டால் வேறு நகரத்துக்குப் போய்விடுவார்களாம். நாலாயிரம் பேருக்கு வேலை, பதினோரு நகரங்கள் போட்டி, திட்டத்தின் பெயர் தேன்சிட்டு. இவ்வளவுதான் எங்களுக்குத் தெரியும்.

2. அந்த நிறுவனம் வர வேண்டும் என்று விரும்பியவர்களில் நானும் ஒருத்தி. செப்டம்பர் மாதம் பள்ளிகளுக்கிடையே நடந்த பேச்சுப் போட்டியில் ‘நம் நகரம் தயார்’ என்று பேசி முதல் பரிசு வாங்கியது நான்தான். தாங்கள் நடுவர் வரிசையில் இருந்தீர்கள். ஒலிவாங்கி எட்டாமல் பழப்பெட்டி மேல் ஏறி நின்ற பெண் தங்களுக்கு நினைவிருக்கலாம்.

அன்று பேசியதில் ஒரு வரியைக்கூட நான் பொய்யென்று நினைத்துப் பேசவில்லை. என் அண்ணன் உலிசெஸ் கார் உதிரிபாகத் தொழிற்சாலைக்குப் போக அதிகாலை மூன்றேகால் பேருந்தைப் பிடிக்கிறான். இரண்டு மணி நேரம் போக, இரண்டு மணி நேரம் வர. நான் வீட்டில் பேசிப் பழகும்போது அவன் கட்டிலில் படுத்துக்கொண்டே சொல்வான்: “சத்தமா பேசுடீ. அந்த கம்பெனிக்காரன் காதுல விழணும். ஒரு நாளாவது சூரியன் வந்தப்புறம் நான் எந்திரிக்கணும்.” அவனுக்காகத்தான் அவ்வளவு சத்தமாகப் பேசினேன்.

3. போட்டி முடிந்து இரண்டு வாரம் கழித்து, பொருளாதார மேம்பாட்டு அலுவலகத்தில் பணிபுரியும் திருமதி லோரேனா அராம்புலா எங்கள் வீட்டுக்கு வந்தார். அவர் என் ஞானத்தாய். எனக்குத் திருமுழுக்குக் கொடுத்தபோது என்னைக் கையில் ஏந்தியவர். மத்ரீனா என்றுதான் கூப்பிடுவேன். என் தாயாருக்கு நகராட்சி மாளிகையில் துப்புரவு வேலை கிடைத்ததும் அவரால்தான். நவம்பர் 26 அன்று எனக்குப் பதினைந்து வயது விழா. கேக்குக்கு ஒரு ஞானத்தாய், காலணிக்கு ஒரு ஞானத்தாய் என்று செலவைப் பங்கிட்டுக்கொள்வது எங்கள் வழக்கம்; உடுப்பு மத்ரீனாவின் பொறுப்பு.

அவர் என்னிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “நிறுவனத்துக்காரங்களுக்கு ஒரு வரவேற்புப் பட்டியல் காட்டணும் கண்ணு. மக்களே கூப்பிடறாங்கன்னு தெரியணும். வீட்டுக்கு ஒரு கையெழுத்து, கூடவே அட்டை நகல் ஒண்ணு. அலுவலகத்துல இருந்து ஆள் போனா ஒங்க தெருவுல நாய அவுத்து விடுவாங்க. நீ போனா, வா, உக்காரு, சாப்புடுன்னு சொல்லுவாங்க.”

என் தாயார் சிரித்தார். எனக்குப் பெருமையாக இருந்தது.

4. அக்டோபர் 15, 16 ஆகிய சனி, ஞாயிறு இரண்டு நாட்களும் வீடு வீடாகப் போனேன். பத்தொன்பது தாள்கள். ஒவ்வொன்றின் மேலேயும் ஊதா மையில் என் கையாலேயே இரண்டு வரி எழுதியிருந்தேன்: “லாஸ் பிட்டாயாஸ் குடும்பங்களாகிய நாங்கள் உங்களை எங்கள் நகரத்துக்கு வரவேற்கிறோம்.” ஒவ்வொன்றின் வலது கீழ் மூலையிலும் ஒரு தேன்சிட்டு வரைந்து, அதன் வயிற்றுக்குள் தாள் எண் போட்டேன். யாரும் சொல்லி வரையவில்லை. அழகாக இருக்கும் என்று வரைந்தேன்.

எங்கள் குடியிருப்பில் எல்லா வீட்டிலும் வாக்காளர் அட்டையின் நகல்கள் ஒரு பிளாஸ்டிக் உறையில் தயாராக இருக்கும் என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. உணவுப் பொதிக்கு நகல், மழைக்குக் கூரைத் தகரம் வாங்க நகல், பிள்ளைகளின் சீருடைக்கு நகல், தண்ணீர் லாரிக்கு நகல். கேட்டவுடன் கொடுத்துப் பழகியவர்கள். மூலைக்கடையில் கோர்டிதா ரொட்டி சுட்டு விற்கும் தோன்யா ரெஃபூகியோ, மாவுக் கையைத் துடைத்துக்கொண்டே இரண்டு நகல்களை நீட்டினார். “ஒண்ணு போதும்” என்றேன். “ரெண்டா வச்சுக்கடீ, ஒண்ண தொலைச்சிட்டு மறுபடி வந்து நிப்பாங்க” என்றார். எதற்கு என்று கேட்கவே இல்லை.

5. எதற்கு என்று கேட்டவர் ஒரே ஒருவர். எங்கள் வீட்டுக்கு நான்கு வீடு தள்ளி இரும்புக் கதவு பற்றவைக்கும் தோன் கிரெசென்சியோ. அவரைப் பற்றி விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன். இந்த மனுவை நான் எழுதுவது பெரும்பாலும் அவர் முகத்தை நினைத்துத்தான்.

“தேன்சிட்டா? அது என்ன கம்பெனி? பீர் கம்பெனியா இருந்தா சொல்லு, நாலு கையெழுத்து போடறேன்” என்றார். கணினி என்றேன். “அப்ப ஒண்ணு போதும்” என்றார். பிறகு அட்டை நகலை மேசைமேல் வைத்து, பேனாவைத் திறந்தார். அவர் யாருக்கு நகல் கொடுத்தாலும் அதன் குறுக்கே இரண்டு கோடு போட்டு, நடுவில் “இன்ன காரியத்துக்கு மட்டும்” என்று எழுதித்தான் கொடுப்பார். முன்பு ஒருமுறை அவர் நகலை வைத்து யாரோ அவர் பெயரில் கைபேசி வாங்கிவிட்டார்கள்.

நான் அவரைத் தடுத்தேன்.

“அதெல்லாம் வேணாம் தோன் கிரெசென்சியோ. நகல் சுத்தமா இருக்கணும்னு மத்ரீனா சொன்னாங்க. வெளிநாட்டுக்காரங்க பாக்கப் போறாங்க” என்றேன். அவர் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டே என்னைப் பார்த்தார். “வரவேற்புக்கு மட்டுந்தான?” என்று கேட்டார். “வேற ஒண்ணுக்கும் இல்ல, சத்தியமா” என்றேன். “ஒன் வாய் சொன்னா நோட்டரி சொன்ன மாதிரி” என்று சொல்லி, பேனாவை மூடி வைத்துவிட்டார்.

அந்தச் சத்தியத்தைச் செய்யும்படி என்னிடம் யாரும் சொல்லவில்லை. நானாகச் செய்தது.

6. கடந்த ஞாயிறு, நவம்பர் 6 அன்று, உடுப்பு அளவு பார்க்க மத்ரீனா வீட்டுக்குப் போனேன். அவர் என்னை ஒரு முக்காலி மேல் நிறுத்தி, பாவாடை விளிம்பில் குண்டூசி குத்திக்கொண்டிருந்தார். எதிரே சாப்பாட்டு மேசையில் ஒரு பெரிய கோப்பு திறந்திருந்தது. மேலே இருந்த நகலில் தோன் கிரெசென்சியோவின் முகம். புகைப்படம் எடுக்கும்போது தும்மியதால் ஒரு கண் பாதி மூடியிருக்கும். தூரத்திலிருந்தே தெரிந்தது.

அதற்குப் பக்கத்தில் என் தாளின் நகல் ஒன்று. அடியில் என் தேன்சிட்டு இருந்தது, வயிற்றில் 7 என்ற எண்ணோடு. மேலே நான் எழுதிய இரண்டு வரிகள் இருந்த இடத்தில் வேறு வரிகள் தட்டச்சில் இருந்தன: “தேன்சிட்டுத் திட்டத்துக்கு நிலத்தை ஒப்படைத்து, நகராட்சி ஒதுக்கும் புதிய குடியிருப்புக்குத் தாமாக முன்வந்து இடம்பெயரச் சம்மதிக்கும் குடும்பங்கள்.” என் ஊதா வரிகளை மறைத்து நகல் எடுத்திருக்கிறார்கள். சிட்டை மறைக்க மறந்துவிட்டார்கள், அல்லது ஏதோ முத்திரை என்று நினைத்துவிட்டார்கள்.

“மத்ரீனா, இது வரவேற்புத் தாள்தானே?” என்று கேட்டேன்.

உதட்டில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே பேசினார். “நிமிந்து நில்லு, குத்திடும். இதெல்லாம் பெரியவங்க வேலை.” மறுபடியும் கேட்டேன். ஊசிகளைக் கையில் எடுத்துக்கொண்டு என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். “நல்ல வீடு கட்டித் தருவாங்க கண்ணு, பத்திரத்தோட. இருபத்தாறு வருஷமா ஒங்க யாருக்காவது பத்திரம் கிடைச்சுதா? இப்ப தயங்கினா பதினோரு ஊர் வரிசையில நிக்குது. அப்புறம் ஒன் அண்ணன் மூணு மணி பஸ்ஸுலதான் கெடப்பான்.” பிறகு மறுபடி குனிந்து, விளிம்பை மடித்துக்கொண்டே சொன்னார்: “ஒங்க அம்மா எங்க வேலை பாக்கறாங்கன்னும் கொஞ்சம் நினைச்சுக்கோ. வெள்ளிக்கிழம கூட்டத்துல நீ வரவேற்புரை சொல்லணும். பழைய பேச்சே போதும்.”

பாவாடை விளிம்பு முழுக்க ஊசிகள் இருந்ததால் என்னால் முக்காலியிலிருந்து இறங்க முடியவில்லை. அவர் முடிக்கும்வரை நின்றேன். முடிந்ததும் நெற்றியில் முத்தமிட்டு, கண்ணாடி முன் திருப்பி நிறுத்தினார். உடுப்பு மிக அழகாக இருந்தது என்பதையும் எழுதத்தான் வேண்டும்.

7. மத்ரீனா உடுப்பை உள்ளே வைக்கப் போனபோது, அந்த ‘புதிய குடியிருப்பு’ எங்கே என்று கோப்பின் வரைபடத்தில் பார்த்தேன். நகரத்திலிருந்து முப்பத்தொரு கிலோமீட்டர். அங்கிருந்து என் அண்ணனின் தொழிற்சாலைக்கோ, வரப்போகும் நிறுவனத்துக்கோ பேருந்து இல்லை. அதே வரைபடத்தில் எங்கள் தெருக்கள், என் பழைய தொடக்கப் பள்ளி, தோன்யா ரெஃபூகியோவின் கடை எல்லாவற்றையும் சேர்த்து ஒரே மஞ்சள் பட்டையாக வண்ணமடித்து, ‘காலி நிலம்’ என்று எழுதியிருந்தது. என் பேச்சுப் போட்டி உரையின் ஒரு வரியை அதற்குக் கீழே மேற்கோளாகப் போட்டிருக்கிறார்கள்: “எங்கள் கதவுகள் திறந்திருக்கின்றன.”

நான் அதைச் சொன்னபோது என் மனதில் இருந்தவை தோன் கிரெசென்சியோ செய்யும் கதவுகள். உள்ளே இருப்பவர்கள் கதவோடு வெளியே போக வேண்டும் என்று நான் சொல்லவில்லை.

8. இதை வீட்டில் சொல்லவில்லை. சொன்னால் என் தாயார் மத்ரீனாவிடம் நேரே போய்க் கேட்பார். அடுத்த நாள் வேலை இருக்காது. அவர்கள் இருவரும் என் திருமுழுக்கு நாளிலிருந்து பெற்றவளும் ஞானத்தாயும் என்ற உறவில் ஒருவரையொருவர் கொமாத்ரே என்று அழைப்பவர்கள். சண்டை போட்டால்கூட ‘நீ’ என்று பேசியதில்லை. ஞாயிறு இரவு நான் சாப்பிடாமல் இருந்ததைப் பார்த்து என் தாயார், “கொஞ்சம் சிரிடீ, பதினஞ்சு வயசு ஒரு தடவதான் வரும். கொமாத்ரே எவ்வளவு செய்றாங்க பாரு” என்றார். நான் சிரித்தேன்.

நேற்று பள்ளிக்குப் போகும் வழியில் தோன் கிரெசென்சியோ பற்றவைப்புக் கண்ணாடியைத் தூக்கிக்கொண்டு, “என்ன நோட்டரி, ஒன் பீர் கம்பெனி எப்ப வருது?” என்று கேட்டார். அவருக்கு எதுவும் தெரியாது. 226 வீடுகளில் யாருக்கும் எதுவும் தெரியாது. தெரிந்த ஒருத்தி நான்தான். நானும் வெள்ளிக்கிழமைவரை பேசாமலிருந்தால், மத்ரீனாவுக்கும் எனக்கும் என்ன வித்தியாசம் என்று எனக்கே தெரியவில்லை.

9. ஐயா, நிறுவனத்தை அழைக்க வேண்டாம் என்று நான் கேட்கவில்லை. அண்ணனைப் போல மூன்றேகால் பேருந்தில் போகிறவர்கள் எங்கள் தெருவில் மட்டும் முப்பது பேர் இருக்கிறார்கள். அவர்களுக்கு வேலை பக்கத்தில் வருவதை நான் தடுத்தேன் என்று நாளை யாராவது சொன்னால் அதற்கும் பயப்படுகிறேன். ஆனால் அழைக்கும் நகரம் என்ன கொடுத்து அழைக்கிறது என்று நகரத்தில் இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டாமா? எங்கள் குடியிருப்பில் குழாயில் தண்ணீர் செவ்வாயும் சனியும் மட்டும். நிறுவனத்துக்கு எல்லா நாளும் தண்ணீர் தருவதாக அதே கோப்பில் இருக்கிறது. அது எந்தக் குழாயிலிருந்து வரும் என்று எழுதியிருக்கவில்லை. பேச்சுப் போட்டியில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி இது. கேட்டிருந்தால் பரிசு கிடைத்திருக்காது என்பதும் இப்போது புரிகிறது.

மக்களிடம் கேட்டு, அவர்கள் “ஆம், போகிறோம்” என்று சொன்னால் அது அவர்கள் சம்மதம். சிலர் சொல்லவும் கூடும், பத்திரத்தோடு வீடு என்றால் யாருக்குத்தான் ஆசை இருக்காது? கேட்காமல் எடுத்துக்கொண்டதற்கு நானே கருவியாக இருந்தேன் என்பதுதான் தாங்க முடியாமல் இருக்கிறது.

10. தங்களுக்கு எழுதுவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. மன்றத்தில் வைக்கப்படும் ஆவணங்கள் உண்மையானவை என்று சான்றளிப்பது செயலாளரின் கடமை என்று நகராட்சி அறிவிப்புப் பலகையில் படித்தேன். ஆகவே கீழ்க்கண்டவற்றைப் பணிவுடன் கோருகிறேன்:

அ) அந்தக் கோப்பிலுள்ள பத்தொன்பது தாள்களுக்கும் தாங்கள் சான்றளிக்க வேண்டாம். ஒவ்வொன்றின் வலது கீழ் மூலையையும் பார்க்கவும். சிட்டு இருந்தால் அது என் தாள், வரவேற்புத் தாள்.

ஆ) நகல்களை உரிய குடும்பங்களுக்குத் திருப்பித் தர வேண்டும். சம்மதம் தேவையென்றால் அலுவலகத்திலிருந்து ஆள் வரட்டும், வரைபடத்தோடு. நாய்களைக் கட்டி வைக்கச் சொல்கிறேன்.

இ) என் தாயாருக்கு இந்த மனுவைப் பற்றி எதுவும் தெரியாது. அவரைத் தண்டிக்க வேண்டாம். பதிலை வீட்டு முகவரிக்கு அனுப்பவும் வேண்டாம். மனு வாங்கும் சன்னலில் வைத்திருந்தால் காலை எட்டரைக்கு நானே வந்து வாங்கிக்கொள்வேன். என் தாயாரின் பணிநேரம் இரண்டு மணிக்குத்தான் தொடங்கும்.

11. என் சொல்லுக்குச் சான்று என்ன என்று தாங்கள் கேட்கலாம். முதல் தாளில் எட்டுப் பேர் கையெழுத்திட்ட பிறகு, தோன்யா ரெஃபூகியோ கடையில் அதன்மேல் மிளகாய்ச் சட்னி கொட்டிவிட்டது. வெளிநாட்டுக்காரர்கள் பார்க்கப்போகிறார்களே என்று வேறு தாள் எடுத்து, அந்த எட்டுப் பேரிடமும் மறுபடி கையெழுத்து வாங்கினேன். கறைபட்ட தாளைத் தூக்கியெறிய மனமில்லாமல் அறிவியல் நோட்டுக்குள் வைத்திருந்தேன். மேலே ஊதா மையில் இரண்டு வரிகள், நடுவில் எட்டுக் கையெழுத்துகள், கீழே 1 என்ற எண்ணோடு சிட்டு. அதை இத்துடன் இணைத்திருக்கிறேன். என்னிடம் இருப்பது அது ஒன்றுதான். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வைத்துத் தர வேண்டுகிறேன்.

12. வெள்ளிக்கிழமை காலை பத்து மணிக்கு, வாக்கெடுப்புக்கு முன், நான் தங்கள் மன்றத்தில் ஒலிவாங்கி முன் நிற்க வேண்டும். இந்த மனுவைத் தாங்களே கூட்டத்தில் வாசித்துவிட்டால் நான் எதுவும் பேச வேண்டியிருக்காது. வாசிக்க இயலாது என்றால், அன்று நான் எந்த உரையைச் சொல்வேன் என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை. பழைய உரையையே சொல்லிவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது. ஆனால் இந்த மனுவை இதுவரை நான்கு முறை திருத்தி எழுதிவிட்டேன். நான்கு முறை எழுதியது எதுவும் எனக்கு மனப்பாடமாகிவிடும். ஏறி நிற்க ஒரு பழப்பெட்டி மட்டும் வைத்துத் தந்தால் போதும்.

பெயரில்லாத மனுவுக்குப் பதில் இல்லை என்று சன்னலில் எழுதி ஒட்டியிருக்கிறது. எனக்கு வாக்காளர் அட்டை வாங்கும் வயது இன்னும் வரவில்லை. ஆகவே என் பள்ளி அடையாள அட்டையின் நகலை இணைத்திருக்கிறேன். அதன் குறுக்கே இரண்டு கோடுகள் போட்டு, நடுவில் இப்படி எழுதியிருக்கிறேன்: “இந்த மனுவுக்கு மட்டும். வேறு எதற்கும் அல்ல.”

தங்கள் நேர்மையை நம்பிக் காத்திருக்கும்,

யாரெலி மொந்தியேல் ஒல்வேரா
வீட்டு எண் 112, கள்ளிப்பழத் தெரு,
லாஸ் பிட்டாயாஸ்.

இடம்: சான் இரேனியோ
நாள்: 8 நவம்பர் 2022, செவ்வாய்

இணைப்பு:
கறைபட்ட தாள் எண் 1 – மூலப்பிரதி.
பள்ளி அடையாள அட்டை நகல் – ஒன்று, கோடு போட்டது.